பி.கே.சி. அரையிறுதியில் நம்மைத் தோற்கடித்தது டாஸா, இல்லை மும்பை 106க்கு 7 ஆனபிறகு நடந்ததா?

மூன்றாவது ஸ்லிப் (கேள்வி):

2025 ரஞ்சி டிராபி (மாநில அணிகளின் போட்டி) நாக்பூர் காலிறுதியில் நம் தமிழ்நாடு அணி விதர்பாவிடம் 198 ரன் வித்தியாசத்தில் தோற்றதிலிருந்து பழைய பஞ்சாயத்து ஒன்று மறுபடி கிளம்பியிருக்கிறது. 2024 மார்ச், மும்பை பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) மைதானம், மும்பைக்கு எதிரான ரஞ்சி அரையிறுதி. நம் கேப்டன் சாய் கிஷோர் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார். 146க்கு ஆல் அவுட். மூன்றே நாளில் இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோற்றோம். ஆட்டம் முடிந்த கையோடு நம் கோச் சுலக்ஷன் குல்கர்னி, முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே, அந்த டாஸ் முடிவோடே, மேட்ச் போய்விட்டது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உண்மையிலேயே டாஸ்தான் காரணமா? அப்படியே இருந்தாலும் ஒரு கோச் அதை வெளியில் சொல்லலாமா? பட்டாபிராமன் கேட் அண்ணன் வந்து நீளமாக எழுதுவார், தெரியும். மற்றவர்களும் சொல்லுங்கள். தயவுசெய்து போன தடவை மாதிரி ஐ.பி.எல். பக்கம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிங்காநல்லூர் சீமர்:

டாஸ்தான். இதில் பேச என்ன இருக்கிறது? மார்ச் முதல் வாரத்து மும்பைக் காலை. முதல் ஒரு மணி நேரம் பந்து என்ன செய்யும் என்று புதுப்பந்து போடுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். 42க்கு 5 ஆனோம். வாஷிங்டன் சுந்தரும் விஜய் சங்கரும் கொஞ்ச நேரம் நிற்காவிட்டால் நூறுகூட வந்திருக்காது.

இதே மார்ச், இதே மும்பை, 2015 ஃபைனலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வான்கடேவில் கர்நாடகா கேப்டன் வினய் குமார் டாஸ் ஜெயித்து நம்மை பேட் செய்யச் சொன்னார். 134க்கு சுருண்டோம். அவரே 5 விக்கெட் எடுத்தார். எதிர் கேப்டன் யோசித்து நமக்குக் கொடுத்த தண்டனையை, ஒன்பது வருஷம் கழித்து நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். குல்கர்னி மும்பைக்காரர். அந்த ஊர் மண்ணும் காற்றும் அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

தாராவிக்காரன்:

வணக்கம் மக்களே. மிட்டி ஆற்றைத் தாண்டினால் எங்களுக்கு பி.கே.சி. அந்த மேட்ச்சைப் பற்றிப் பேச எனக்குத்தான் முதல் உரிமை.

டாஸ் கீஸ் எல்லாம் உங்கள் வீட்டுச் சண்டை. எங்கள் டெயில் (கடைசியில் இறங்கும் பவுலர்கள்) பேட் ஆடுவதை நீங்கள் நம்பவில்லை, அதுதான் நடந்தது. அதற்கு முந்தைய வாரம் அதே மைதானத்தில் பரோடாவுக்கு எதிரான காலிறுதியில் பத்தாவதாக வந்த தனுஷ் கோடியன் 120 நாட் அவுட், பதினொன்றாவதாக வந்த துஷார் தேஷ்பாண்டே 123. கடைசி விக்கெட்டுக்கு 232 ரன். பேப்பரில் படம் போட்டு எழுதினார்களே, அதையாவது பார்த்திருக்கலாம் இல்லையா?

இங்கே பையன்கள் மழைக்காலத்தில், மூடி வைக்காத பிட்ச்சில் காங்கா லீக் ஆடி வளர்கிறவர்கள். நனைந்த மண்ணில் பந்து என்ன செய்தாலும் அசராமல் நிற்பான். பத்தாவது ஆளும் கிளவுஸ் மாட்டும்போது பேட்ஸ்மேனாகத்தான் மாட்டுவான். உங்களை அடித்த கையோடு ஃபைனலில் விதர்பாவையும் அடித்து 42வது கோப்பை. உங்கள் கணக்கு எவ்வளவு, இரண்டுதானே? 1954-55, 1987-88. எனக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான், அதனால் வலிக்கிற மாதிரி சொல்லவில்லை.

பட்டாபிராமன் கேட்:

சீமர் தம்பி, 2015ஐ எடுத்தது நல்லது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். மீதியையும் பார்ப்போம்.

134க்கு நாம் சுருண்டது உண்மை. அதற்கப்புறம் கர்நாடகா 84க்கு 5. அந்த நேரத்தில் ஆட்டம் யார் கையில் இருந்தது? கிட்டத்தட்ட சரிசமம். அங்கிருந்து ராகுலும் கருண் நாயரும் சேர்ந்து 386 ரன் போட்டார்கள். ராகுல் 188, கருண் 328. அதோடு விட்டார்களா? பந்து போட்டுச் சாய்த்த அதே வினய் குமார் பேட்டோடு வந்து நாட் அவுட்டாக 105 எடுத்தார். மொத்தம் 762. இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் தோல்வி. டாஸ் நமக்கு 134ஐத் தந்தது என்றே வைத்துக்கொள்வோம். 84க்கு 5ஐ 762 ஆக விட்டது எந்த டாஸ்?

இப்போது பி.கே.சி.க்கு வா. இரண்டாம் நாள் மும்பை 106க்கு 7. நம் 146ஐத் தொட இன்னும் 40 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். காலை ஒன்பது மணிக்கே போன மேட்ச் என்றால் இந்த நிலைமை எப்படி வந்தது? நான் அன்று போனில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தேன். ஏழாவது விக்கெட் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். 20 ரன்னாவது லீட் கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஷர்துல் தாக்கூர் பந்துக்கு ஒரு ரன்னுக்கு மேல் அடித்து 109. முதல் தர ஆட்டத்தில் அதுதான் அவருடைய முதல் சதம். ஹர்திக் தாமோரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டாவது விக்கெட்டுக்கே நூறு தாண்டியது. தாமோரே போனால் கோடியன். கோடியன் 89 நாட் அவுட். கடைசியாக வந்த தேஷ்பாண்டேவும் சும்மா போகவில்லை. 378 ஆல் அவுட். கடைசி மூன்று விக்கெட்டுக்கு மட்டும் 272 ரன். நாம் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து எடுத்ததே 308. தாராவித் தம்பி சொன்ன பரோடா மேட்ச் பார்ட்னர்ஷிப் 232 என்றால், மும்பைக்கு நம்மீது கிடைத்த லீடும் அதே 232. இதைப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இதைத்தான் நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் ஆட்கள் எதிரணியின் மேல்வரிசையை உடைத்துவிடுவார்கள். முடித்துவைக்கத் தெரியவில்லை. அந்த இன்னிங்ஸில் விழுந்த பத்தில் ஆறு சாய் கிஷோருடையது, 99 ரன் கொடுத்து. அதாவது கேப்டனே போட வேண்டும், கேப்டனே ஃபீல்டிங் நிறுத்த வேண்டும், கேப்டனே விக்கெட்டும் எடுக்க வேண்டும். அவர் கை ஓய்ந்த நேரத்தில் பந்தை வாங்கி, டெயிலுக்கு ஒழுங்காக நாலு யார்க்கரும் ஒரு பவுன்சரும் போட ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேவைப்பட்டார்.

சென்னை லீக் ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள், இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். புதுப்பந்தின் பளபளப்பு போவதற்குள் ஸ்பின்னர் வந்துவிடுவார். எட்டாவது, ஒன்பதாவது ஆள் வந்து இறங்கி இரண்டு ஷாட் தூக்கி அடித்தால் போதும், மிட் ஆனும் மிட் ஆஃபும் பவுண்டரிக்கு ஓடும், மறுமுனைக்கு சிங்கிள் தாராளமாகக் கிடைக்கும். பழைய பந்தை வைத்து டெயிலைச் சாய்ப்பதை நம் சீமர்கள் எங்கே கற்றுக்கொள்வார்கள்? அவர்களுக்கு அந்த ஓவர்களே கிடைப்பதில்லை.

சிங்காநல்லூர் சீமர்:

அண்ணே, 106க்கு 7 என்று நீங்களே சொல்கிறீர்கள். அது என்ன காட்டுகிறது? இரண்டாம் நாளும் அந்த பிட்ச்சில் விக்கெட் விழுந்துகொண்டிருந்தது. முதல் நாள் காலையில் நாம் பந்து போட்டிருந்தால் மும்பையை 150க்குள் மடக்கியிருக்கலாம் இல்லையா? டாஸ் தப்பு, அதற்குமேல் டெயிலும் தப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். டாஸை அப்படியே விட்டுவிட முடியாது.

ஆனால் பழைய பந்து விஷயத்தில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். எங்கள் டீமில் லஞ்சுக்கு அப்புறம் நான் பந்தைத் தொட்டதே கிடையாது.

பட்டாபிராமன் கேட்:

பேட்டிங் எடுத்தது சரி என்று நான் சொல்லவில்லை தம்பி. அந்தக் காலையில் பந்து போட்டிருக்கலாம். ஆனால் சாய் கிஷோர் ஏதோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு மாதிரி பேசுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் இடத்தில் நின்று பார். நாக்அவுட்டில் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் லீட் எடுத்தவர்கள் மேலே போவார்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கில் அதில்தானே செத்தோம்? ராஜஸ்தான் முதலில் பேட்டிங் எடுத்து, வினீத் சக்சேனா 257 அடித்து, 621 போட்டுவிட்டார்கள். நாம் 295. சொந்த ஊரில், நம் ஜனங்கள் பார்க்க, மூன்றாம் நாளே ஃபைனல் முடிந்துபோன மாதிரி இருந்தது. முதலில் ரன்னைப் போர்டில் ஏற்று என்பது அன்றைக்குக் கிடைத்த பாடம்.

அதுபோக, 2023-24 சீசனில் ரஞ்சியில் அதிக விக்கெட் எடுத்தவர்கள் பட்டியலின் மேல்வரிசையில் நம் ஆட்கள் இரண்டு பேர். சாய் கிஷோர் 53, அஜித் ராம் 41. இரண்டு பேரும் இடதுகை ஸ்பின்னர்கள். ஜெகதீசன் அடுத்தடுத்த இரண்டு மேட்ச்சில் ரயில்வேஸுக்கு எதிராக 245 நாட் அவுட், சண்டிகருக்கு எதிராக 321. காலிறுதியில் சௌராஷ்டிராவை கோயம்புத்தூரில் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் அடித்தபோது சாய் கிஷோர் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட்டும் எடுத்தார், 60 ரன்னும் அடித்தார். இப்படி ஒரு பேட்டிங்கும் இப்படி இரண்டு ஸ்பின்னரும் இருந்தால் எந்த கேப்டனுக்கும் முதலில் பேட் செய்து, கடைசியில் பந்து போடத்தான் தோன்றும். அந்த ஊரின் ஈரத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார், சரி. அதற்காக ஒரு சீசன் முழுக்க அணியைத் தூக்கிச் சுமந்தவரை மைக் முன்னால் வைத்து அடிக்கலாமா?

ஸ்லிப் தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். சொல்லக்கூடாது. தினேஷ் கார்த்திக் அன்றே வெளிப்படையாகக் கண்டித்தார். ஏழு வருஷம் கழித்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டனுக்குத் துணை நிற்காமல் கைவிட்டுவிட்டாரே என்பதுதான் அவர் ஆதங்கம். நூற்றுக்கு நூறு சரி. கோச்சுக்கு டிரெஸ்ஸிங் ரூம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடட்டும். தோற்ற அன்று மாலை, உடம்பெல்லாம் வலியோடு உட்கார்ந்திருக்கும் பையனின் பெயரை வெளியில் சொல்வது தலைமைப் பொறுப்பில் இருப்பவர் செய்கிற காரியம் இல்லை.

மூன்றாவது ஸ்லிப்:

கோச் விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான் அண்ணே. ஆனால் அடுத்த சீசன் குல்கர்னி இல்லை, பாலாஜி வந்தார். அப்புறமும் நாக்பூரில் இந்தக் கதி. அப்படியென்றால் கோச்சும் காரணம் இல்லை, டாஸும் காரணம் இல்லையா?

தாராவிக்காரன்:

கருண் நாயர்தான் காரணம். 2015ல் கர்நாடகாவுக்காக 328, 2025ல் விதர்பாவுக்காக 122. மாநிலம் மாறினாலும் அடிப்பது உங்களை மட்டும்தான். நடுவில் இங்கிலாந்துக்கு எதிராக 303 அடித்ததும் சேப்பாக்கில்தான், பிட்ச்சைப் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டீர்கள் போல.

பட்டாபிராமன் கேட்:

அந்த 303ஐ ஸ்டாண்டில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தவன் நான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உங்கள் 42ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, உழைத்து வாங்கியது. எங்கள் இரண்டில் ஒன்றை, 1987-88ல் ரயில்வேஸை சேப்பாக்கில் சாய்த்து வாங்கியபோது, கேப்டன் வாசுதேவன். அவரும் இடதுகை ஸ்பின்னர். அதனால்தான் சாய் கிஷோர் கையால் ஒரு கோப்பை வர வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுகிறேன்.

ஸ்லிப் தம்பி, நாக்பூரில் முதலில் பேட் செய்தது விதர்பா, 353. நாம் 225. டாஸைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, கோச்சும் புதியவர், ஆனால் தோற்ற விதம் அதேதான். ஒருவன் நின்றுவிட்டால் அவனை அசைக்க நம்மிடம் வேகமான கை இல்லை. 2015ல் வான்கடே, 2024ல் பி.கே.சி., 2025ல் நாக்பூர் ஜாம்தா மைதானம். மூன்று ஊரையும் வரிசையாக வைத்துப் பார், மாறாமல் இருப்பது அது ஒன்றுதான்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். சீமர் தம்பி மாதிரி ஆட்களுக்கு லீக்கில் லஞ்சுக்கு அப்புறமும் பத்து ஓவர் கொடுக்கட்டும். விக்கெட் விழாவிட்டாலும் கொடுக்கட்டும், ரன் போனாலும் கொடுக்கட்டும். கிளப் செயலாளர்கள், கேப்டன்கள் யாராவது இதைப் படித்தால் இந்த சீசனிலேயே செய்து பாருங்கள். வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் புதுப்பந்தில் எடுத்த விக்கெட்டை மட்டும் எண்ணாமல், அறுபதாவது ஓவரில் ஒரு பையன் எப்படிப் போடுகிறான் என்று உட்கார்ந்து பார்க்கட்டும்.

சிங்காநல்லூர் சீமர்:

இதை அப்படியே காப்பி எடுத்து எங்கள் கேப்டனுக்கு அனுப்பிவிட்டேன். டாஸ் விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறவில்லை. மும்பையில் மார்ச்சில் டாஸ் ஜெயித்தால் பந்துதான்.