ஏற்காட்டுப் படம்: ரோஸா, மார்மனா?

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் காப்பித் தோட்ட ஓரம், உண்ணிப்பூவில் எடுத்த பட்டாம்பூச்சிப் படம் இது. கறுப்பு இறக்கை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள், வாலும் உண்டு. காமன் ரோஸா, அதைப் போல வேஷம் போடும் காமன் மார்மன் பெண்ணா?

உடம்பு சிவப்பென்றால் ரோஸ், கறுப்பென்றால் மார்மன். அது தெரியும். ஆனால் பாழாய்ப்போன பூக்கொத்து உடம்பைச் சரியாக மறைத்துவிட்டது! ரோஸ் புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேற்றிக்கொள்வதால் பறவைகள் ஒதுங்கிப் போகும். அந்தப் பெயரில் மார்மனும் தப்பிக்கிறது. சேலத்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை மொட்டையடிப்பது மார்மனின் புழுதான். அம்மா திட்டாத நாளில்லை.

சரி, வெள்ளைத் திட்டையும் பிறைகளையும் மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா? இறக்கையில் எங்கே பார்க்க வேண்டும்? பக்கவாட்டுப் படம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் மங்கல்தான். வேண்டுமென்றால் போடுகிறேன்.