மறு: மொழிப்பெயர், அகப்பெயர், புறப்பெயர்

> மொழியின் பெயர் 'மொழிப்பெயர்'. பேசுவோர் தாமே வழங்குவது 'அகப்பெயர்', மற்றவர் வழங்குவது 'புறப்பெயர்'. சரிதானே?

ஐயா, வணக்கம்.

'மொழிப்பெயர்' நல்ல சொல். ஆனால் ப் விழுந்தால் பொருளே போய்விடும். 'மொழிபெயர்' என்பதில் 'பெயர்' என்பது வினை, 'மாறு' என்று பொருள். குறுந்தொகையில் வரும் 'மொழிபெயர் தேஎம்' மொழி மாறும் நாடு. 'மொழிப்பெயர்' மொழியினது பெயர். 'கிளிக்கூடு' போல வலி மிகும். ஏற்கெனவே பலர் 'மொழிப்பெயர்ப்பு' என்று பிழையாக எழுதுவதால் இரண்டும் கலந்துவிடும். தலைப்புகளில் 'மொழிப்பெயர்கள்' என்று பன்மையில் எழுதுங்கள். 'பெயர்' என்ற வினையடியோடு 'கள்' நேராக ஒட்டாது; ஐயம் தீரும். இடம்பெயர்தலுக்குப் பக்கத்திலேயே 'இடப்பெயர்' நன்றாக வாழ்கிறதே.

அகம், புறம் என்ற பிரிப்பை ஏற்க முடியவில்லை. அது இடத்தைச் சுட்டுகிறது. இங்கே கேள்வி பெயர் வைத்தது யார் என்பது. 'வெல்ஷ்' என்ற பெயர் வேல்சுக்குள்ளேயே வழங்குகிறது. ஆனால் அது 'அயலார்' என்று பொருள்பட்ட பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. அம்மொழியினர் சொல்வது 'கம்ராய்க்'. சொந்த மண்ணிலேயே அயலார் என்ற பெயர்! இதை அகம் என்பதா, புறம் என்பதா?

என் பரிந்துரை: பேசுவோர் தாமே வைத்தது தற்பெயர், அயலார் வைத்தது அயற்பெயர்.

ஜெர்மனில் வைத்துப் பாருங்கள். தற்பெயர் 'டாய்ச்', அடிப்பொருள் 'மக்களுடையது'. பிரெஞ்சில் 'அல்மான்', அலமானி என்ற குலத்தின் பெயரால். பின்னிய மொழியில் 'சக்சா', சாக்சன் குலத்தால். ரஷ்யத்தில் 'நெமெத்ஸ்கி', ஊமை என்ற சொல்லோடு உறவுடையது. ஆகவே மொழிப்பெயர்களின் தரவு அட்டவணையில் அயற்பெயருக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) போதாது. எந்த மொழியில் வழங்குகிறது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். தெலுங்கை நாம் வடுகு என்றதும், தெலுங்கர் தமிழை அரவம் என்றதும் அப்படித்தான் பதிவாக வேண்டும்.

---

மறு: மறு: மொழிப்பெயர், அகப்பெயர், புறப்பெயர்

அய்யா சொன்ன பிரிப்பு சரி. மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 639-2 என்ற பன்னாட்டுத் தரத்திலும் இதே பிரிப்பு தெரிகிறது. அதில் 20 மொழிகளுக்கு இரட்டைக் குறியீடு உண்டு. ஜெர்மனுக்கு ஜி-இ-ஆர் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது, டி-இ-யு டாய்ச்சிலிருந்து.

ஒரு தடை மட்டும். 'தற்பெயர்' என்பதைத் 'தற்போதைய பெயர்' என்று படிப்பார்கள். தற்பெருமை, தற்காப்பு இருந்தாலும் தற்காலமும் இருக்கிறது. அட்டவணையில் 'பழம்பெயர்' பத்திக்கு அருகில் அது வந்தால் தவறு உறுதி. 'தன்படம்' (செல்ஃபி) போலப் புணர்க்காமல் 'தன்பெயர்' என்போம். இணை கெடாமலிருக்க, 'அயல்பணி' போல 'அயல்பெயர்'. மாற்றுக்கருத்து இல்லையெனில் சொற்பட்டியலில் மூன்றையும் சேர்த்துவிடுகிறேன்: மொழிப்பெயர், தன்பெயர், அயல்பெயர்.