எஸ்பெராண்டோவுக்கு ‘ன்’ தேவையே இல்லையாம்!

சொல்லேர்:
பக்கத்து இழையில் குறில்நெடில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளின் பின்னால் ஒட்டும் ‘ன்’ வெறும் சுமை. தூக்கிப்போட்டால் மொழி இன்னும் எளிதாகும்.” ஒன்பது வருடமாக அந்த மொழியில் கடிதம் எழுதுகிறவன் நான். படித்ததும் எரிச்சலாகிவிட்டது. அதனால்தான் இங்கே தனி இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இன்றைய போலந்தின் பியாவிஸ்டோக் ஊரில் பிறந்த கண் மருத்துவர் ஜாமென்ஹாஃப் தானே உருவாக்கி 1887-ல் வார்சாவில் வெளியிட்ட பொது மொழி இது. விதிகள் 16. பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், பெயரடை ‘ஆ’வில். பன்மைக்கு ‘ய்’, இரண்டாம் வேற்றுமைக்கு ‘ன்’. வினைக்கு ‘ஆஸ்’ நிகழ்காலம், ‘இஸ்’ இறந்தகாலம், ‘ஓஸ்’ எதிர்காலம். நான், நீ, அவர்கள் என்று யார் வந்தாலும் வினை மாறாது. இவ்வளவு சுருக்கிய மனிதர் ‘ன்’னை மட்டும் எதற்கு விட்டுவைத்தார்?

‘புலி கொன்ற யானை’ என்றால் செத்தது எது? தொல்காப்பிய உரைகாரர்கள் தடுமாறு தொழிற்பெயர் என்று எடுத்துப் பேசிய சிக்கல் இது. எஸ்பெராண்டோவில் தடுமாற்றமே கிடையாது. ‘எலெஃபாந்தோ, கியு மோர்திகிஸ் திக்ரோன்’ என்றால் யானை புலியைக் கொன்றது. ‘எலெஃபாந்தோ, கியுன் மோர்திகிஸ் திக்ரோ’ என்றால் புலி யானையைக் கொன்றது. ‘ன்’ இடம் மாறியது, பிணமும் மாறிவிட்டது. இதுவா சுமை?

குறில்நெடில்:
என் வரியில் பாதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். “சொல்வரிசையே போதும்” என்றும் எழுதியிருந்தேன். எழுவாய் முதலில், வினை நடுவில், செயப்படுபொருள் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் எங்கிருந்து வரும்? சீன மொழியில் வேற்றுமை உருபே கிடையாது. அவர்கள் பேசிக்கொள்ளாமலா இருக்கிறார்கள்?

தமிழிலேயே ‘மரம் வெட்டினான்’, ‘தண்ணீர் குடித்தான்’ என்கிறோம். ‘ஐ’ இல்லாமலே புரிகிறது. எஸ்பெராண்டோவில் மறந்தால் பிழை. அதைவிடக் கொடுமை, பெயரடைக்கும் அதையே ஒட்ட வேண்டும். ‘அழகிய பூக்களைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘மி வீதிஸ் பெலாய்ன் ஃப்ளோரோய்ன்’. பன்மை இரண்டு தடவை, வேற்றுமை இரண்டு தடவை. நம் ‘அழகிய’ எதற்காவது மாறுகிறதா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சொல்லேர்:
மரம் மனிதனை வெட்டாது, தண்ணீர் மனிதனைக் குடிக்காது. அதனால் அங்கே ‘ஐ’ இல்லாமல் ஓடுகிறது. ‘முருகன் கண்ணன் அடித்தான்’ என்று எழுதிப் பாருங்கள். யார் யாரை அடித்தது? உயர்திணைக்கு வந்தால் தமிழும் ‘ஐ’யை விடாது. வசதியான உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

சொல்வரிசை போதும் என்கிறீர்களே, யாருடைய வரிசை? என் முதல் வருடக் கடிதம் ஒன்றைச் சொல்கிறேன். ‘நாய் பூனையைக் கடித்தது’ என்பதை ஜப்பானிய நண்பருக்கு நம் வரிசையிலேயே எழுதினேன்: ‘லா ஹுந்தோ லா காதோ மோர்திஸ்’. ‘ன்’ போட மறந்துவிட்டேன். எது எதைக் கடித்தது என்று கேட்டு அவர் பதில் எழுதினார். அடுத்த கடிதத்தில் ‘லா காதோன்’ என்று ஒரே ஒரு மெய்யைச் சேர்த்தேன், வேலை முடிந்தது. வரிசையைத் தொடவே இல்லை. அவர் மொழியிலும் நம் மொழிபோல வினை கடைசியில்தான் வரும். அந்த ‘ன்’தான் அவரும் நானும் அவரவர் வரிசையில் எழுத இடம் கொடுக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மேற்கு ஐரோப்பியர் வரிசையில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். இதுவா எளிமை?

ஒற்றெழுத்து:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ‘மோர்திஸ்’ என்பதை நான் ‘செத்தது’ என்று படித்தேன். ‘தி’யை ‘பத்தி’யில் வருவதுபோல வல்லொலியாகச் சொன்னால் செத்தது, ‘நதி’யில் வருவதுபோல மெல்லொலியாகச் சொன்னால் கடித்தது. இரண்டும் வேறு வேறு எழுத்து. எஸ்பெராண்டோவில் எழுத்து 28, ஓரெழுத்துக்கு ஓரொலி. தமிழில் எழுதினால் அந்த அழகெல்லாம் போய்விடுகிறது.

சொல்லேர்:
ஒற்று எதற்கு இருக்கிறது? ‘மோர்த்திஸ்’ என்றால் செத்தது, ‘மோர்திஸ்’ என்றால் கடித்தது. பேரிலேயே ஒற்றை வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஒற்றெழுத்து:
அப்படியானால் முதல் பதிவில் ‘மோர்திகிஸ்’ என்று எழுதினீர்களே, அது வல்லொலி. உங்கள் கணக்குப்படி ‘மோர்த்திகிஸ்’ என்று வந்திருக்க வேண்டும். சொல்லின் முதலில் என்ன செய்வீர்கள்? ரொட்டியும் ‘பானோ’, குளியலும் ‘பானோ’. அங்கே எந்த ஒற்றைப் போடுவது?

சொல்லேர்:
தட்டச்சுப் பிழையைப் பிடித்துத் தொங்காதீர்கள். பேச்சு ‘ன்’ பற்றியது.

பழைய வாசகர்:
சொல்லேர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் வெண்பா இழையில் தளை தட்டுகிறது என்று நான் காட்டியபோதும் “தட்டச்சுப் பிழை” என்றார். இப்போது தொல்காப்பியத்தை அரைகுறையாக இழுக்கிறார். தடுமாறு தொழிற்பெயரில் இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் மயங்குகின்றன. புலியைக் கொன்ற யானை, புலியால் கொல்லப்பட்ட யானை. மூன்றாம் வேற்றுமையை மறைத்துவிட்டு ‘ன்’னுக்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையா?

சொல்லேர்:
ஐயா, வெண்பா இழைக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாம் வேற்றுமையை நான் மறைக்கவில்லை. எஸ்பெராண்டோ அதை ‘ன்’னாலேயே தீர்த்துவிடுகிறது என்றுதான் சொன்னேன். ‘கியு’, ‘கியுன்’. திரும்பப் படியுங்கள்.

குறில்நெடில்:
புலியை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வருவோம். 1894-ல் சீர்திருத்த வரைவு ஒன்றை எழுதி ‘ன்’னை எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தவர் யார்? ஜாமென்ஹாஃபேதான். எஸ்பெராண்டோவைத் திருத்தி 1907-ல் வந்த இடோ மொழியும் தலையில் தொப்பி போன்ற குறி வைத்த எழுத்துகளை எடுத்தது, பெயரடை பெயரோடு ஒத்துப்போவதை எடுத்தது, ‘ன்’னையும் ஓரங்கட்டியது. மொழியை உண்டாக்கியவரே விடத் தயாராக இருந்ததை நீங்கள் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சொல்லேர்:
அந்த வரைவை ஓட்டுக்கு விட்டு, மொழியைப் பயன்படுத்தியவர்களே தள்ளிவிட்டார்கள். அதை ஏன் சொல்லவில்லை? 1905-ல் பிரான்சின் பூலோன் மாநாட்டில் அடிப்படை இலக்கணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த அடிப்படையில் ‘ன்’ இருக்கிறது.

இடோவைப் பற்றியும் பாதிதான் சொன்னீர்கள். செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் இடோவிலும் ‘ன்’ போட வேண்டும். உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறது.

‘ன்’னுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மேசை மேல் பூனை குதிக்கிறது’ என்றால் பூனை ஏற்கெனவே மேசையில் நின்று குதிக்கிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா? தமிழில் இன்னொரு சொல் சேர்த்தால்தான் தெளியும். அங்கே ‘சூர் லா தாப்லோ’ என்றால் மேசையிலேயே குதிக்கிறது, ‘சூர் லா தாப்லோன்’ என்றால் தாவி ஏறுகிறது.

குறில்நெடில்:
பெயரடைக்கு எதற்கு ‘ன்’ என்று கேட்டேன். பூனை வந்தது, நாய் வந்தது, புலி வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

சொல்லேர்:
இதோ வருகிறது. ‘மி ஃபார்பிஸ் லா போர்தோன் ருஜா’ என்றால் கதவுக்குச் சிவப்பு அடித்தேன். ‘மி ஃபார்பிஸ் லா போர்தோன் ருஜான்’ என்றால் சிவப்புக் கதவுக்கு ஏதோ ஒரு வண்ணம் அடித்தேன். பெயரடையில் ‘ன்’ இல்லாவிட்டால் முன்பே சிவப்பாக இருந்த கதவும், இப்போது சிவப்பான கதவும் ஒன்றாகிவிடும். திருப்தியா?

குறில்நெடில்:
வருடத்துக்கு ஒரு தடவை கதவுக்கு வண்ணம் அடிப்பதற்காகத் தினமும் ஒவ்வொரு பெயரடைக்கும் ‘ன்’ ஒட்ட வேண்டுமா? அப்புறம் ஒன்று. ‘கதவுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கதவை’ எங்கே போனது? இரண்டாம் வேற்றுமைக்காகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு நான்காம் வேற்றுமைதான் கைக்கு வந்தது.

சொல்லேர்:
‘கதவுக்கு வண்ணம் அடித்தேன்’ என்பதில் வண்ணம்தான் செயப்படுபொருள். அதில் ‘ஐ’ தொக்கி நிற்கிறது. இது பள்ளிக்கூடப் பாடம். தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

பழைய வாசகர்:
தளையையும் அப்படித்தான் எனக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார்.

ஒற்றெழுத்து:
‘ஃபார்பிஸ்’ என்பதில் வருவது எந்தப் ‘ப’? வல்லொலியா, மெல்லொலியா?