புதுப்பிப்பு: சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது

நேற்று இரவு எழுதியிருந்தேனே, டொராண்டோவில் மைனஸ் 22 டிகிரி, சமையலறைக் குழாய் நூல் போல ஒழுகி நின்றுவிட்டது, குளியலறையில் மட்டும் நன்றாக வருகிறது என்று. உறைந்தேதான் போயிருந்தது. சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால், வெளிச்சுவரை ஒட்டிப் போகும் செம்புக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது.

அந்தப் பதிவின் பின்னூட்டங்களில் நீங்கள் சொன்னபடி முதலில் பேஸ்மென்ட்டில் மெயின் வால்வு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன், வெடித்தால் உடனே மூட வேண்டுமே. அப்புறம் குழாயைத் திறந்தே வைத்து, ஹேர் டிரையரைக் குழாய் வாய்ப் பக்கமிருந்து தொடங்கி மெல்ல உள்ளே நகர்த்தினேன். நடுவில் சூடாக்கினால் உருகிய நீர் வெளியேற வழியில்லாமல் குழாயையே பிளந்துவிடலாம். முக்கால் மணி நேரம் கழித்து இருமுவது போல ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர்! ப்ளோ டார்ச்சால் (தீச்சுடர் கக்கும் கருவி) உருக்கலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம், சுவருக்குள் தீப்பிடித்துவிடும்.

தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 சதவீதம் கூடும், விரிசல் இருந்தால் உருகிய பிறகுதான் தெரியும் என்பதால் இணைப்புகளில் டிஷ்யூ சுற்றிவைத்துக் காலையில் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. இன்று இரவும் வீட்டுச் சூடு குழாய்க்குப் போகும்படி சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழாயைச் சொட்ட விட்டுத்தான் படுக்கப் போகிறேன்.