பி.டி.எஸ். மாணவர்களுக்கு இம்ப்ளான்ட் செய்முறை: எதுவரை கற்பிக்கலாம்?

கேள்வி (விரிவுரையாளர், செயற்கைப் பல் துறை):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல் மருத்துவ இளநிலை (பி.டி.எஸ்.) இறுதியாண்டு மாணவர்கள் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். செய்முறை என்று வந்தால், முதுநிலை மாணவர் பொருத்துவதைப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. பட்டம் பெற்றபின் பெரும் பணம் கட்டி வார இறுதிப் பயிற்சிகளுக்கு ஓடுகிறார்கள். வரும் ஆண்டில் செய்முறை வகுப்பு ஒன்றைத் தொடங்க எண்ணியுள்ளேன். எலும்பில் துளையிடவும் கற்பிக்கலாமா, பல் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

மறுமொழி 1 (வாய், முகத்தாடை அறுவை மருத்துவர்):
துளையிடக் கட்டாயம் கற்பியுங்கள், ஆனால் நோயாளியிடம் வேண்டாம். பிளாஸ்டிக் தாடையில் வரிசைமுறை பழகியதும், கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டுத் தாடையைக் கையில் கொடுங்கள். கெட்டியான வெளி எலும்பைக் கடந்து டிரில் உள்ளே இறங்கும்போது கைக்குத் தெரியும் தளர்வைப் பிளாஸ்டிக் தருவதில்லை. டிரில்லைக் குளிர்விக்கும் சலைனை (உப்புநீரை) நிறுத்திவிட்டு ஒரு துளை போடச் சொன்னால், கருகல் வாடையே பாடம் நடத்திவிடும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்பது 1983-இல் முயல்களிடம் செய்த சோதனையில் தெரியவந்தது. பிறகு தாடையை அறுத்து, நரம்புக் கால்வாய்க்கு மேல் 2 மி.மீ. மிஞ்சியிருக்கிறதா என்று அவர்களையே அளக்க விடுங்கள். பல டிரில்களின் நுனி, அவற்றில் பொறித்த ஆழக் கோட்டைவிடச் சற்று ஆழமாகவே வெட்டும் என்பது அப்போது விளங்கும்.

மறுமொழி 2 (செயற்கைப் பல் நிபுணர்):
முந்தைய பதிவரோடு எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. பல் எங்கே அமைய வேண்டும் என்று மெழுகில் அமைத்துப் பார்க்காத மாணவர் கையில் டிரில்லைக் கொடுப்பது முறையன்று. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்டுகளின் மேல் நிற்கும் ஓவர்டென்சரே (கழற்றி மாட்டும் பல்செட்டே) முதல் தேர்வாக இருக்க வேண்டும் என 2002-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். முழுப் பல்செட் செய்யத் தெரிந்த இறுதியாண்டு மாணவருக்கு அதுவே அடுத்த படி. பொருத்தும் பணியை நிபுணர் செய்யட்டும்; பல்செட்டில், இம்ப்ளான்டோடு பூட்டிக்கொள்ளும் அட்டாச்மென்டைப் பிடிக்கவைக்கும் பணியை மாணவர் செய்யட்டும். அதிலும் இம்ப்ளான்டின் மேல் நிற்கும் இணைப்பான அபட்மென்டின் அடியிலுள்ள இடைவெளியை அடைக்காமல், பல்செட் செய்யும் பிசினான அக்ரிலிக்கை இட்டால் அது அங்கேயே இறுகி, பல்செட் வாயைவிட்டு வராது. இதை முதலில் மாதிரித் தாடையில் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 3 (சிற்றூரில் கிளினிக் நடத்துபவர்):
எங்களிடம் வருவோரில் பலர் வேறெங்கோ பொருத்திக்கொண்டு, "பல் ஆடுது டாக்டர்" என்று வருபவர்கள். ஆடுவது மேலே உள்ள செயற்கைப் பல்லான கிரவுனின் ஸ்க்ரூவா, இம்ப்ளான்டேவா என்று எக்ஸ்ரே பார்த்துப் பிரித்தறியத் தெரியாமல் குறடால் இழுத்தால் காரியம் கெட்டுவிடும். ஸ்க்ரூவின் தலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று நோயாளியிடம் சீட்டு இருப்பதும் அரிது. பொருத்தும் வாய்ப்பு எல்லா மாணவருக்கும் அமையாது, பராமரிக்கும் வேலை எல்லோருக்கும் வந்து சேரும். அதற்கு வகுப்பில் பாதி நேரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பராமரிப்பையும் ஓவர்டென்சரையும் முதலில் வைத்துக்கொள்கிறேன். ஆட்டுத் தாடையை ஃபார்மலினில் இட்டு வைக்கலாமா?

மறுமொழி 1-இன் பதிவர்:
வேண்டாம், எலும்பின் தன்மை மாறிவிடும். உறைநிலையில் வைத்து முதல் நாள் எடுத்து வையுங்கள். அதற்கான ஹேண்ட்பீஸும் (டிரில்லைச் சுழற்றும் கைக்கருவி) டிரில்களும் சிகிச்சை அறைப் பக்கமே போகாதபடி தனியாக இருக்கட்டும்.