நம்ம வீட்டுக் குழு: கவிதா அனுப்பிய படம்

கவிதா: மேகன் சட்டம் என்று இங்கே நியூ ஜெர்சியில் ஒன்று உண்டு. பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிவிக்கிற சட்டம். போலீஸ் தளத்தில் பார்த்தேன். நாலு தெரு தள்ளி அப்படி ஒருத்தர். போட்டோ, விலாசம், கார் நம்பர் எல்லாம் இருக்கிறது. கை நடுங்குகிறது அண்ணி.

அம்மா: ஐயோ. பாப்பாவை பஸ்ஸுக்குத் தனியா விடாதே.

செந்தில் மாமா: நூற்றுக்கு எண்பது பேர் திரும்பச் செய்வார்களாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வீட்டை மாற்றும்மா.

ரேவதி அண்ணி: மாமா, 2002 தீர்ப்பில் வந்த அந்த எண்பதைத் தேடிப் போனால், 1986-ல் ஒரு பத்திரிகையில் வந்த ஒற்றை வரியில் போய் நிற்கும். அதற்குக் கணக்கு ஏதும் கிடையாது. பிறகு அரசாங்கமே எண்ணியது. 1994-ல் 15 மாநிலங்களில் விடுதலையான 9,691 ஆண்களில், மூன்று வருஷத்துக்குள் மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005-ல் வெளியே வந்தவர்களை ஒன்பது வருஷம் பார்த்தார்கள், 7.7.

செந்தில் மாமா: பிடிபட்டவன் கணக்குதானே அது?

ரேவதி அண்ணி: ஆமாம், அது நியாயமான கேள்வி. பிள்ளை வாய் திறக்காவிட்டால் எந்தக் கணக்கிலும் ஏறாது. கனடா ஆய்வாளர்கள் பதினைந்து வருஷம் வரை பார்த்ததில் 24 சதவீதம் வந்தது. அதனால் கவிதா, அந்தத் தெருப் பக்கம் கவனமாகவே இரு. ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில்.

ரேவதி அண்ணி: என்னிடம் கவுன்சிலிங்குக்கு எட்டு வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். எது கேட்டாலும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். மூன்றாவது வாரம்தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "பெரியப்பா." வீட்டில் எல்லாரும் அவரை நம்பித்தான் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர் மேல் அதுவரை ஒரு கேஸும் இல்லை. நம் நாட்டில் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தெரிந்த ஆள்தான். அவர்கள் படம் எந்தத் தளத்திலும் வராது.

அம்மா: கேட்கவே வயிற்றைப் பிசைகிறது.

கவிதா: அப்புறம் நான் என்னதான் செய்வது அண்ணி?

ரேவதி அண்ணி: உடம்பில் எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கூச்சப்படாமல் சொல்லிக்கொடு. முத்தம் கொடுக்க மாட்டேன், மடியில் உட்கார மாட்டேன் என்றால் விட்டுவிடு. யாராக இருந்தாலும்.

செந்தில் மாமா: ஜூலையில் வந்தபோது என் மடிக்கு வர மாட்டேன் என்றாள். நான்தான் இழுத்து உட்காரவைத்தேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். இனி செய்ய மாட்டேன்.

கவிதா: நாளைக்கு வீடியோ காலில் அவளிடமே சொல்லுங்கள் மாமா.

செந்தில் மாமா: சரிம்மா. எத்தனை மணிக்குக் கூப்பிட?