மறுமொழி: 'கலர் கிரேடிங்' தமிழில் என்ன? தரப்படுத்தல் வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. படித்து முடிக்க இரண்டு டீ ஆனது. ராயபுரத்தில் வரும் ஞாயிறு 'கட்டாக்கா' (Gattaca) திரையிடுகிறோம், மரபணுவைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் உலகைக் காட்டும் ஆங்கிலப் படம், அதற்கு இரண்டு பக்கக் குறிப்பு அச்சடிக்க வேண்டும், ஒளிப்பதிவைப் பற்றிய பத்தியில் 'கலர் கிரேடிங்', அதாவது எடுத்த படத்தின் நிறத்தைப் பின்னால் சரிசெய்வது, வருகிறது, தமிழில் என்ன போடலாம் என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்டிருந்தார். அதற்கு எண்ணூர் ஆசிரியை எழுதிய பதில்:

> நிறத் தரப்படுத்தல் என்று போட்டுவிடலாம். கிரேடு என்றால் தரம்தானே, பள்ளியிலும் அப்படித்தான் சொல்கிறோம்.

அம்மா, வேறு எந்தப் படமாக இருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். இந்தப் படத்துக்கு அது கூடாது.

காசிமேட்டில் விடியற்காலை இறால் கூடையைக் கொட்டிப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிலோவுக்கு 30 நிற்பது ஒரு குவியல், 60 நிற்பது இன்னொரு குவியல். 'கவுண்ட்' என்பார்கள். விலை அதை வைத்துத்தான். தரம் பிரிப்பது என்றால் அதுதான். படத்தில் மனிதக் குழந்தைக்கும் அதுவே நடக்கிறது. பிறந்த சில நொடிகளில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். இதய நோய்க்கு வாய்ப்பு 99 சதவீதம், ஆயுள் 30.2 ஆண்டு என்று செவிலி படித்துக் காட்டுகிறார். இறாலுக்காவது செத்த பிறகுதான் கவுண்ட். இப்படி மனிதனைத் தரம் பிரிக்கும் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் நிறத்தையும் 'தரப்படுத்தினார்கள்' என்று எழுதினால் படிப்பவர் இரண்டையும் முடிச்சுப் போடுவார். நிறத்தில் யாரும் எதையும் குவியல் கட்டுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வேரிலும் இருப்பது படி, படிப்படியான ஏற்ற இறக்கம். தரம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது.

இன்னொரு சிக்கலை யாரும் தொடவில்லை. இந்தப் படத்தின் நிறம் பெரும்பாலும் கிரேடிங்கில் வந்ததே அல்ல. படம் வந்தது 1997-இல். முழு நீளப் படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் வைத்து நிறம் மாற்றுவது 2000-க்குப் பிறகுதான் பரவியது. இதன் ஒளிப்பதிவாளர் ஸ்லாவோமிர் இட்ஜியாக் போலந்துக்காரர், லென்ஸுக்கு முன்னால் நிறக்கண்ணாடி வைத்து எடுப்பதில் பேர் வாங்கியவர். தங்க மஞ்சளும் பச்சையும் நீலமும் கேமராவிலேயே வந்துவிட்டன. (குறிப்பில் பில்டருக்கு 'வடிகட்டி' என்று இருக்கிறது. டீக்கடை நினைவு வருகிறது. 'நிறக்கண்ணாடி' போதும்.)

மஞ்சள் கண்ணாடி நீல ஒளியை விழுங்கிவிடும். பிலிமுக்குப் போய்ச் சேராத நீலத்தை, பிலிம் கழுவும் லேப் எங்கிருந்து கொண்டுவரும்? பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைக் கூட்டலாம், குறைக்கலாம். பதிவாகாததைப் பிறப்பிக்க முடியாது. போன மாதம் மீன்பிடித் துறைமுக வாசலில், சோடியம் விளக்கு வெளிச்சத்தில் என் அக்கா மகனைப் போனில் படமெடுத்தேன். நல்ல நீலச் சட்டை போட்டிருந்தான். வீட்டுக்கு வந்து மஞ்சளைக் குறைத்துக்கொண்டே போனேன். முகம் சாம்பலானது, பின்னால் நின்ற கன்டெய்னர் லாரி சாம்பலானது, சட்டை மட்டும் கடைசிவரை கறுப்பாகவே இருந்தது. "மாமா, இது என் சட்டையே இல்ல" என்றான்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள்.

பின்னால் உட்கார்ந்து சரிசெய்வதற்கு நிறத்திருத்தம். நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த ஊர், பெயரிலேயே இருக்கிறது. எங்கள் அம்மா வெள்ளை வேட்டியை அலசிவிட்டு, கடைசி வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விடுவார். மூன்று சொட்டு, கையால் ஒரு சுழற்று, பிறகுதான் வேட்டி உள்ளே போகும். பழுப்பேறிய மஞ்சளை நீலம் அடக்கி, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும். கூடிப்போனால் மறுபடி அலசிக்கொள்ளலாம். டி.ஐ. அறையில், அதாவது கணினியில் நிறம் சரிசெய்யும் அறையில், மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் இதையேதான் செய்கிறார்.

எடுக்கும்போதே ஏறிவிடும் நிறத்துக்கு நான் சொல்வது தோய்நிறம். சாயத்தில் தோய்த்த நூல் மாதிரி. எங்கள் வீட்டில் உறை ஊற்றுவது என்போம், சில வீடுகளில் தயிர் தோய்ப்பது என்கிறார்கள். தோய்ந்த தயிரை மறுபடி பாலாக்க முடியாது. அந்தப் பொருளும் சொல்லோடு சேர்ந்து வருவதால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. 'நிறமூட்டல்' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அது பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடிப்பது போல இருக்கிறது.

இந்த வேறுபாடு ஒளிப்பதிவோடு நிற்கவில்லை, படத்தின் கதையே இதுதான். மரபணு மாற்றம் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அரிவாள் செல் ரத்தசோகைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த சிகிச்சையில், நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி உடம்பில் ஏற்றுகிறார்கள். அது அவரோடு முடிந்தது, பிள்ளைக்குப் போகாது. 2018-இல் சீனாவில் ஒருவர் கருவிலேயே கைவைத்து இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தாரே, அது வேறு. கருவில் ஏறியது வழிவழியாக இறங்கும். முன்னது நிறத்திருத்தம் என்றால் பின்னது தோய்நிறம். அந்த விஞ்ஞானிக்கு அடுத்த ஆண்டே மூன்று வருடச் சிறை கிடைத்தது.

கருவின் மரபணுவில் கைவைப்பதற்கு இங்கே 'கருத்திருத்தம்' என்று ஒரு முன்மொழிவு பார்த்தேன். இலக்கணம் சரி. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைக் கருத்துக்கு வந்த திருத்தம் என்று படிப்பார்கள், இந்தக் குழுவில் அது ஏற்கெனவே நிறைய நடக்கிறது. தவிர, படத்தில் நாயகனின் பெற்றோர் அடுத்த குழந்தைக்கு முக்கியமாகச் செய்வது பொறுக்கி எடுப்பது: நான்கு கருக்களில் எது வேண்டும் என்று மருத்துவர் கேட்கிறார், ஆணா பெண்ணா என்பதும் அதில் வருகிறது. நம் தெரு ஸ்கேன் சென்டரில் இதைக் கேட்கவே கூடாது, 1994 சட்டத்தைச் சொல்லி பலகை மாட்டியிருக்கிறது. அதனால் குறிப்பில் 'கருவைத் தெரிந்தெடுத்தல்' என்று நீளமாகவே இருக்கட்டும்.

டிஸ்டோபியாவுக்கு, அதாவது இப்படிக் கெட்டுப்போன கற்பனை உலகுக்கு, 'இருளுலகு' வேண்டாம். இந்தப் படத்தில் இருளே குறைவு. கொடுமை எல்லாம் தங்க வெயிலில், சுத்தமான கட்டடத்தில், கோட் போட்டவர்களிடம் நடக்கிறது. 'கேட்டுலகு' (கேடு நிறைந்த உலகு) பரவாயில்லை, காதால் கேட்ட உலகு என்று யாராவது கிண்டல் செய்தாலும். நம் வடசென்னைப் பக்கத்தைப் படமெடுக்க வருகிறவர்களும் மஞ்சளைத்தான் பூசுகிறார்கள், கூடவே கொஞ்சம் அழுக்குப் பச்சை. 'கட்டாக்கா'வில் மேட்டுக்குடிக்குப் போட்ட நிறம் இங்கே வந்தால் குப்பத்துக்கு என்று ஆகிவிடுகிறது. எங்கள் மொட்டை மாடியில் வானம் நீலமாகத்தான் இருக்கிறது.

சினிமாக்காரர்கள் இருக்கும் சாலிகிராமத்தில் யாரும் நிறத்திருத்தம் என்று சொல்லப்போவதில்லை, 'டி.ஐ. முடிஞ்சுதா' என்றுதான் கேட்பார்கள். இருக்கட்டும், குறிப்பு ராயபுரத்தில் படிப்பதற்கு. அந்தப் பத்தியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"இப்படத்தின் மஞ்சள், தோய்நிறம். நிறக்கண்ணாடி வழியாகப் பிலிமிலேயே ஏறியது. இன்றைய படங்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது, எடுத்தபின் கணினியில் செய்யும் நிறத்திருத்தம்."

அச்சகத்துக்கு வியாழன் மாலைக்குள் போக வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். எண்ணூர் அம்மா, உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் நண்பர் அனுப்புவார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து,
அன்புடன்